கடுமையான வைரஸ் தொற்றில் என்.கே. செல்கள் ஏன் முடங்குகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிட் இரண்டாம் அலைக்குப் பிறகு ‘இம்யூனிட்டி’ என்ற சொல் மருந்துக்கடை அலமாரியிலிருந்து மளிகைக்கடை அலமாரி வரை ஏறிவிட்டது. இப்போது அதோடு ‘என்.கே. செல்’ என்ற பெயரும் சேர்ந்து வருகிறது. அதைப் பெருக்க மாத்திரை, அளக்கப் பரிசோதனை, ஏற்றிக்கொள்ளச் சிகிச்சை என்று விளம்பரங்கள். தொற்று முற்றும்போது இந்தச் செல்களுக்கு உண்மையில் என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பதில்களில் கோவிட் அடிக்கடி வரும். ஒரே நோயில் இத்தனை பேரிடமிருந்து நாள்வாரியாக ரத்தம் எடுத்து, ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் பார்த்தது அந்த நோயில்தான்.

என்.கே. செல் என்றால் என்ன?

இயற்கைக் கொல்லி செல். ரத்தத்தில் இருக்கும் லிம்போசைட் வகை வெள்ளணுக்களில் டி, பி என்ற இரண்டும் பலருக்குத் தெரிந்தவை, இது மூன்றாவது. ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகளில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் இவை.

1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஏவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனின் குழுவும் தனித்தனியே இவற்றை அடையாளம் கண்டார்கள். எந்தத் தடுப்பூசியும் போடாத, புற்றுநோயை முன்பின் சந்திக்காத எலிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த சில செல்கள், புற்றுநோய் செல்லோடு சேர்த்து வைத்ததுமே அதைக் கொன்றன. முன்பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. வைரஸ் தொற்றில் இவற்றின் மதிப்பும் அதுதான். ஒரு புதிய வைரஸுக்கு எதிராக டி செல்கள் பெருகித் தயாராக ஒரு வாரம் போல ஆகும். அந்த இடைவெளியில் வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்வதும், இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்து மற்ற செல்களை உசுப்புவதும் என்.கே. செல்களின் வேலை.

எந்தச் செல்லைக் கொல்வது, எதை விடுவது என்று அதற்கு எப்படித் தெரியும்?

நம் உடலில் கருவுள்ள செல் அநேகமாக ஒவ்வொன்றும் எம்எச்சி வகை-1 என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் காட்டிக்கொண்டிருக்கும். தனக்குள் என்ன புரதங்கள் தயாராகின்றன என்பதன் துணுக்குகளை அந்தப் புரதத்தில் வைத்துத்தான் டி செல்லுக்குக் காட்டும். பல வைரஸ்கள் டி செல்லிடம் மாட்டாமலிருக்க இந்தப் புரதத்தையே மேற்பரப்பிலிருந்து இறக்கிவிடுகின்றன. டி செல் ஏமாந்துபோகும். ஆனால் என்.கே. செல் பார்ப்பதே ‘இருக்க வேண்டியது இல்லையே’ என்பதைத்தான். கரோலின்ஸ்காவில் கிளாஸ் காரே முன்வைத்து, 1986இல் எலிகளில் நிரூபித்துக் காட்டிய கருத்து இது. எம்எச்சி இல்லாத புற்றுநோய் செல்களை எலியின் உடல் அழித்தது, எம்எச்சி உள்ளவை தப்பி வளர்ந்தன.

இது பாதிதான். என்.கே. செல்லின் மேல் தூண்டும் ஏற்பிகளும் உண்டு, அடக்கும் ஏற்பிகளும் உண்டு. நெருக்கடியில் இருக்கும் செல் சில புரதங்களை வெளியே நீட்டும். அவை தூண்டும் ஏற்பிகளில் பொருந்தும். எம்எச்சி, அடக்கும் ஏற்பிகளில் பொருந்தும். இரண்டின் கூட்டுக்கழித்தலில்தான் முடிவு.

முடிவு ‘கொல்’ என்று வந்தால் நடப்பது நுண்ணோக்கியில் பார்க்கவேண்டிய காட்சி. என்.கே. செல் எதிரிச் செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே சிதறிக் கிடந்த நுண்துகள்கள் எல்லாம் ஒட்டிய பக்கமாக நகர்ந்து குவிகின்றன. அவை திறந்ததும் பெர்ஃபோரின் என்ற புரதம் எதிரிச் செல்லின் சவ்வில் துளை போடுகிறது. கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே போய் அந்தச் செல் தன்னையே அழித்துக்கொள்ளும் வழியை முடுக்கிவிடுகின்றன. பிறகு என்.கே. செல் பிரிந்து அடுத்ததைத் தேடிப் போகிறது. ஒட்டுவது, துகள்களை நகர்த்துவது, திறப்பது என்ற மூன்று படிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பல இவற்றில் ஏதோ ஒன்றில்தான்.

கோவிட் வந்தபோது என் ரிப்போர்ட்டில் லிம்போசைட் 8% என்று இருந்தது. என்.கே. செல் குறைந்ததைத்தான் அது காட்டியதா?

நேரடியாக இல்லை. டிசி என்று போடும், வெள்ளணுக்களை வகை பிரித்துச் சொல்லும் அந்தக் கணக்கில் டி, பி, என்.கே. மூன்றும் ஒரே தலைப்பில் அடங்கிவிடும். பெரியவர்களுக்கு 20 முதல் 40 சதவீதம் சாதாரணம். சதவீதத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். மொத்த வெள்ளணு 9,000, லிம்போசைட் 8% என்றால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 720 லிம்போசைட்; 1,000க்குக் கீழே போனாலே குறைவுதான். அந்த 720இல் என்.கே. செல் எத்தனை என்பதை வழக்கமான சிபிசி பரிசோதனை சொல்லாது.

கடுமையான கோவிட்டில் என்.கே. செல்களும் குறைந்தன என்பது உண்மை. சீனாவின் ஹெஃபெய் நகர மருத்துவர்கள் 2020 தொடக்கத்திலேயே அதைப் பதிவு செய்தார்கள். ஆனால் ரத்தத்தில் குறைவது என்றால் உடலிலேயே குறைந்துவிட்டது என்று பொருளல்ல. ஒரு பகுதி நுரையீரலுக்குப் போயிருக்கும். எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல், இருக்கிற செல்கள் வேலை செய்யாததுதான்.

இருக்கும் செல்கள் ஏன் வேலை செய்யவில்லை?

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் பெர்லினிலிருந்து வந்தது. ஷாரிட்டே மருத்துவமனையும் அங்குள்ள ஜெர்மன் வாதநோய் ஆய்வு மையமும் சேர்ந்து செய்த ஆய்வு, 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

முதலில் நோயாளிகளின் வைரஸ் அளவைத் தொடர்ந்து பார்த்தார்கள். டி செல்லும் ஆன்டிபாடியும் ஒரே மாதிரி இருந்தவர்களுக்குள், என்.கே. செல் எண்ணிக்கை இயல்பாக இருந்தவர்களின் உடலில் வைரஸ் சீக்கிரம் குறைந்தது, என்.கே. குறைவானவர்களில் மெதுவாகத்தான் குறைந்தது. அடுத்து, ஆரோக்கியமானவரின் என்.கே. செல்களை ஆய்வுக்கூடத்தில் தொற்றிய செல்களோடு சேர்த்து வைத்தார்கள். வைரஸ் கட்டுப்பட்டது. கடுமையான நோயாளிகளின் என்.கே. செல்களால் அது சரிவர முடியவில்லை.

வியப்பு இதற்கு அடுத்ததில்தான். முடங்கிய செல்களுக்குள் பெர்ஃபோரின், கிரான்சைம் போன்ற கொல்லும் சரக்கு குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மாறாக, அவை ஏராளமாக இருந்தன. இன்டர்ஃபெரானின் தூண்டுதலும் செல்களில் பலமாகப் பதிந்திருந்தது. ஆனால் அதே செல்களில் அதற்கு மேலாக இன்னொரு தடயமும் இருந்தது. டிஜிஎஃப்-பீட்டா என்ற, நோய் எதிர்ப்பை அடக்கும் சைட்டோகைனின் தடயம் அது. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். செல்லோடு செல் ஒட்டுவதற்கும், துகள்களை வெளியேற்றுவதற்கும் தேவையான மரபணுக்கள் தணிந்து கிடந்தன. ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதித்த வண்டி போல, எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை.

கடைசியாக, கடுமையான நோயாளிகளிடமிருந்து முதல் இரண்டு வாரங்களில் எடுத்த சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதியில், என்.கே. செல்களை வைத்துப் பார்த்தார்கள். அவையும் முடங்கின, முடக்கம் சீரத்திலிருந்த டிஜிஎஃப்-பீட்டாவைச் சார்ந்தே இருந்தது. கோளாறு செல்லின் பிறவியில் இல்லை, அது மிதக்கும் ரத்தத்தில் இருக்கிறது என்று இதற்குப் பொருள்.

டிஜிஎஃப்-பீட்டா கெட்ட பொருளா? உடல் ஏன் அதைச் சுரக்கிறது?

கெட்டது இல்லை, இன்றியமையாதது. புண் ஆறுவதற்கும், சண்டை முடிந்தபின் நோய் எதிர்ப்பு தணிவதற்கும் இது வேண்டும். ரத்தத் தட்டணுக்களுக்குள்ளும் நிறைய சேமிக்கப்பட்டிருக்கிறது. திசு காயப்பட்டால் வெளிவரும். நோய் அடங்கும் கட்டத்தில் உயர வேண்டியது, கடுமையான கோவிட்டில் முதல் இரண்டு வாரத்திலேயே உச்சிக்குப் போய்விட்டது. வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் நேரம் அது. பெர்லின் குழு தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே ‘காலம் தவறிய’ என்று குறிப்பிட்டது அதனால்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. டிஜிஎஃப்-பீட்டா தழும்பு நாரை வளர்க்கும். கோவிட்டுக்குப் பிறகு சிடி ஸ்கேனில் ‘ஃபைப்ரோசிஸ்’ என்று எழுதி வந்ததே, அந்த நுரையீரல் தழும்பு. என்.கே. செல்கள் சாதாரணமாக, நார் உருவாக்கும் செல்களையும் கட்டுப்படுத்தும். பான் நகர ஆய்வாளர்கள் 2021இல் ‘இம்யூனிட்டி’ இதழில் எழுதியதன்படி, கடுமையான நோயாளிகளின் என்.கே. செல்களில் வைரஸ் எதிர்ப்போடு இந்தத் திறனும் குன்றியிருந்தது.

முடக்குவது அந்த ஒன்று மட்டும்தானா?

இல்லை. குறைந்தது மூன்று வழிகளையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று, அடக்கும் ஏற்பிகள் கூடிவிடுவது. முன்பு சொன்ன ஹெஃபெய் மருத்துவர்கள், நோயாளிகளின் என்.கே. செல்களிலும் கொல்லும் டி செல்களிலும் என்கேஜி2ஏ என்ற அடக்கும் ஏற்பி மிகுந்திருந்ததைக் கண்டார்கள். குணமானவர்களில் செல் எண்ணிக்கை ஏறியது, அந்த ஏற்பி இறங்கியது.

இரண்டு, இன்டர்லூக்கின்-6. ‘சைட்டோகைன் புயல்’ என்று செய்திகளில் அடிபட்டதன் முக்கிய உறுப்பினர். இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் 2020இல் நடந்த ஆய்வில், இது ரத்தத்தில் ஏற ஏற என்.கே. செல்களின் கொல்லும் திறன் இறங்கியது. இங்கே ஒரு முரண் தென்படும். பெர்லினில் கொல்லும் சரக்கு நிறைய இருந்தது என்றேன், ஃப்ளாரன்ஸில் சரக்கே குறைந்தது என்கிறார்கள். நோயின் எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள், மரபணுச் செயல்பாட்டை அளந்தார்களா புரதத்தை அளந்தார்களா என்பதைப் பொறுத்துப் படம் மாறும். கொல்லும் வேலை நடக்கவில்லை என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

மூன்று, வைரஸின் சொந்தக் கைவரிசை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கண்டது இது. கொரோனா வைரஸின் என்எஸ்பி1 என்ற புரதம், தொற்றிய செல் வெளியே நீட்டவேண்டிய நெருக்கடிப் புரதங்களைக் குறைத்துவிடுகிறது. என்.கே. செல் நல்ல நிலையில் இருந்தாலும் எதிரியை அடையாளம் காண முடியாமல் போகிறது.

மற்ற வைரஸ்களும் இப்படிச் செய்யுமா?

கோவிட்டுக்கு முன்பே தெரிந்த கதைதான். சைட்டோமெகலோ வைரஸ் இதில் கைதேர்ந்தது. எம்எச்சியை இறக்கினால் என்.கே. செல் பிடித்துவிடும் என்பதால், எம்எச்சியைப் போலவே இருக்கும் போலிப் புரதம் ஒன்றைத் தானே தயாரித்து வெளியே வைக்கும். அடக்கும் ஏற்பிக்குத் தீனி போடும் துணுக்கையும் தன் மரபணுவிலேயே சுமந்து வருகிறது. அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் இந்த வைரஸ் தொற்றியவர்களில் என்கேஜி2சி என்ற தூண்டும் ஏற்பியைத் தாங்கிய தனி என்.கே. கூட்டம் ஒன்று பெருகி ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது. பார்சிலோனாவில் 2004இல் இதைக் கவனித்தார்கள். ‘நினைவில்லாத செல்’ என்று பாடப்புத்தகம் சொன்ன செல்லுக்கு ஒருவகை நினைவு இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டதில் இந்தக் கவனிப்புக்குப் பங்குண்டு.

எச்.ஐ.வி. கட்டுப்படாமல் நீடித்தால், அடையாளப் புரதமான சிடி56ஐயே இழந்த என்.கே. செல்கள் ரத்தத்தில் கூடும். பெயருக்கு இருக்கும், வேலைக்கு ஆகாது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யில் என்.கே. செல்கள் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கத் தவறுகின்றன. அடக்கும் சைட்டோகைன்களான இன்டர்லூக்கின்-10ஐயும் டிஜிஎஃப்-பீட்டாவையும் தடுத்தால் அந்தத் திறன் மீள்கிறது என்று லண்டன் ஆய்வாளர்கள் 2010லேயே காட்டினார்கள். அதே பெயர் மறுபடி வருவதைப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் சி-யில் ஒரு நல்ல செய்தி: வைரஸை நேரடியாக ஒழிக்கும் மாத்திரைகளால் வைரஸ் போனதும் என்.கே. செல்களின் நடத்தையும் இயல்பை நோக்கித் திரும்புகிறது.

டெங்குவில்?

வேறு கதை. டெங்கு வைரஸ் புகுந்த செல்லில் எம்எச்சி குறைவதற்குப் பதில் கூடும்; அதனால் என்.கே. செல்லுக்கு அடக்கும் சமிக்ஞை அதிகம் போகும். இருந்தும் காய்ச்சலின் ஆரம்ப நாட்களில் என்.கே. செல்கள் நன்றாகத் தூண்டப்பட்டு, பெருகி, தோலை நோக்கிப் போகின்றன. கொசு கடித்து வைரஸை இறக்கும் இடமும் தோல்தான். டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் விட்டு ரத்தத்தில் வைரஸ் இறங்கும்போது வருகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான் அங்கே ஆளை வீழ்த்துவது. ஆகவே கோவிட் விளக்கத்தை அப்படியே டெங்குமேல் ஒட்டாதீர்கள்.

என்.கே. முடங்கியதால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் என்.கே. முடங்கியதா?

நியாயமான சந்தேகம். முற்றிய நோயாளியின் ரத்தத்தில் எதை அளந்தாலும் மாறித்தான் இருக்கும். மாறிய ஒவ்வொன்றையும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நோய் வருவதற்கு முன்பே இருந்த ஒரு வேறுபாடு கிடைத்தால் வழக்கு வலுப்படும். வியன்னாவில் அப்படி ஒன்றைப் பார்த்தார்கள். ஐரோப்பியரில் ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்கு என்கேஜி2சி ஏற்பிக்கான மரபணு இரு பிரதிகளிலும் பிறவியிலேயே இல்லை. கோவிட்டால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில், அதிலும் தீவிர சிகிச்சைக்குப் போனவர்களில், இவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. பிறவி மரபணுவைக் கோவிட் மாற்ற முடியாதல்லவா?

என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. என்.கே. பலம் குறைந்தால் வைரஸ் அதிகம் பெருகும், திசு அதிகம் காயப்படும், அடக்கும் சைட்டோகைன் அதிகம் சுரக்கும், என்.கே. மேலும் முடங்கும். முக்கியக் காரணம் இதுவே என்று சொல்வது மிகை. வயது, இன்டர்ஃபெரான் குறைபாடு, ரத்தம் உறைதல் என்று பங்காளிகள் பலர்.

அப்படியென்றால் ஸ்டீராய்டு கொடுத்தது தவறில்லையா? அது எதிர்ப்பை இன்னும் அடக்குமே?

ஸ்டீராய்டு என்.கே. செல்களின் செயலையும் தணிக்கும் என்பது சரி. ஆனாலும் சரியான நேரத்தில் உயிர் காத்தது. பிரிட்டனில் கோவிட் மருந்துகளைச் சோதித்த ‘ரெகவரி’ பரிசோதனையில் வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பெற்ற பிரிவில் 29.3 சதவீதம், பெறாத பிரிவில் 41.4 சதவீதம். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் பலன் தெரியவில்லை, இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்ற பிரிவில் 17.8 சதவீதம், பெறாத பிரிவில் 14.0 என்று எண்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. நோய் முற்றிய பிறகு ஆளைக் கொல்வது பெரும்பாலும் அழற்சி. ஆரம்பத்தில் ஓடிக்கொண்டிருப்பது வைரஸோடு பந்தயம். அந்தப் பந்தயத்தின் நடுவே ஸ்டீராய்டைப் போடுவது நம் காலை நாமே கட்டிக்கொள்வது. 2021இல் இந்தியா முழுக்க காய்ச்சல் தொடங்கிய நாளிலேயே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை எகிறியதும், கறுப்புப் பூஞ்சை தலைதூக்கியதும் அந்த அலையில்தான். ஸ்டீராய்டு அதில் பெரும்பங்கு வகித்தது.

முடங்கிய என்.கே. செல்லை எழுப்ப மருந்து இருக்கிறதா?

அதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து, வைரஸ் தொற்றுக்கு, இன்று இல்லை. பக்கவாட்டில் உதவுபவை உண்டு. இன்டர்லூக்கின்-6 ஏற்பியை மறிக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்ட நோயாளிகளில் என்.கே. செல்களின் கொல்லும் திறன் மீண்டதாக அதே ஃப்ளாரன்ஸ் குழு கண்டது. ரெகவரி பரிசோதனையில் இந்த ஊசி இறப்பை 35 சதவீதத்திலிருந்து 31க்கு இறக்கியது. அந்த நான்கு சதவீதம் என்.கே. செல்லால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மருந்து தொடும் இடங்கள் பல.

டிஜிஎஃப்-பீட்டாவையே தடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இதயம், ரத்தக் குழாய், புண் ஆறுதல் என்று எல்லா இடத்திலும் அதற்கு வேலை இருப்பதால், உடல் முழுக்கத் தடுப்பது விளையாட்டல்ல. எத்தனை நாள், எந்த உறுப்பில் என்பதுதான் சிக்கல்.

வெளியிலிருந்து என்.கே. செல்களை ஏற்றும் முறை புற்றுநோயில் நம்பிக்கை தந்திருக்கிறது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து மாற்றியமைத்த என்.கே. செல்களைப் பெற்ற 11 பேரில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது என்று 2020இல் அறிவித்தார்கள். சில ரத்தப் புற்றுநோய்களுக்கான சோதனை அது. ‘வைரஸ் தடுப்புக்கு என்.கே. ஊசி’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புது செல்களை ஏற்றினாலும், டிஜிஎஃப்-பீட்டா நிறைந்த அதே ரத்தத்தில்தானே அவையும் மிதக்க வேண்டும்?

குணமான பிறகு பழையபடி ஆகிவிடுமா?

பெரும்பாலோருக்கு எண்ணிக்கையும் ஏற்பிகளும் வாரங்களில் இயல்புக்குத் திரும்புகின்றன. என்.கே. செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து தொடர்ந்து புதிதாக வருபவை. தீவிர சிகிச்சை வரை போனவர்களுக்குக் கூடுதல் காலம் ஆகும்.

மாத்திரை, கஷாயம், தூக்கம், நடை... இவற்றில் எது என்.கே. செல்லைக் கூட்டும்?

தூக்கத்துக்கு ஆதாரம் உண்டு. 1994இல் வெளியான சான் டியேகோ ஆய்வில் 23 ஆண்களை அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை விழிக்க வைத்தார்கள். 18 பேருக்கு என்.கே. செயல்பாடு இறங்கி, வழக்கத்தில் சராசரியாக 72 சதவீதமானது. மறுநாள் இரவு தூங்கியதும் சரியானது. உடற்பயிற்சி செய்யும்போது அட்ரினலினால் என்.கே. செல்கள் சில நிமிடங்களில் ரத்தத்துக்குள் வந்து குவியும், ஓய்ந்ததும் கலைந்துவிடும். ‘எங்கள் பொருளைச் சாப்பிட்டதும் என்.கே. இரட்டிப்பானது’ என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்; மாடிப்படி ஏறிவிட்டு ரத்தம் கொடுத்தாலே எண்ணிக்கை ஏறும்.

மாத்திரை விற்பவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கடுமையான தொற்றில் என்.கே. செல்லுக்குத் தூண்டுதல் குறைவாக இல்லை. தூண்டுதல் உச்சத்தில் இருக்கும்போதே அடக்கும் சமிக்ஞை அதை மீறுகிறது. அந்த நிலையில் ‘தூண்டும்’ பொருள் எதைச் சாதிக்கும்?

வயதும் உடல் எடையும் இதில் வருமா?

வயது ஏறினால் என்.கே. எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது, கூடவும் செய்யும். ஒவ்வொரு செல்லின் திறன்தான் இறங்கும். உடற்பருமனில் நடப்பது இன்னும் சுவாரசியம். டப்ளின் ஆய்வாளர்கள் 2018இல் காட்டியது இது: பருமனானவர்களின் என்.கே. செல்களுக்குள் கொழுப்பு சேர்கிறது. அந்தச் செல்கள் எதிரியோடு ஒட்டிக்கொள்கின்றன, ஆனால் கொல்லும் துகள்களை ஒட்டிய பக்கத்துக்குக் கொண்டுவர முடிவதில்லை. மேலே சொன்ன மூன்று படியில் இரண்டாவதில் கோளாறு.

தடுப்பூசிக்கும் என்.கே. செல்லுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. என்.கே. செல்லின் மேல் சிடி16 என்ற ஏற்பி இருக்கிறது. ஆன்டிபாடி ஒட்டிய செல்லை அது பிடித்துக்கொள்ளும், பிடித்ததும் கொல்லும். தடுப்பூசியால் முன்கூட்டியே ஆன்டிபாடி இருப்பவருக்கு, என்.கே. செல் தானாகத் துப்புத் துலக்க வேண்டிய வேலை பாதி குறைகிறது. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி-யும் என்.கே. செல்களைக் கொஞ்சம் முடுக்கிவிடும். கோவிட் காலத்தில் சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்கூட முதியோருக்கு அதைப் போட்டு ஆராய்ந்தது. ஆனால் மருத்துவப் பணியாளர்களிடம் பல நாடுகளில் நடந்த பெரிய பரிசோதனையில், பிசிஜி கோவிட்டைத் தடுத்ததாகத் தெரியவில்லை. குழந்தையாக இருந்தபோது தோளில் வந்த தழும்பை நம்பி இருக்க வேண்டாம்.

என்.கே. செல் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாமா?

சாதாரண ஆளுக்குத் தேவையில்லை. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற செல் எண்ணும் கருவியில், டி செல்லின் அடையாளமான சிடி3 இல்லாத, சிடி56 உள்ள செல்களை எண்ணித் தருவார்கள். அது எண்ணிக்கை மட்டுமே. திறனை அளக்க, எம்எச்சி இல்லாத கே562 என்ற ரத்தப்புற்றுநோய் செல்களோடு நோயாளியின் செல்களைக் கலந்து வைப்பார்கள். முன்பு அந்த இலக்குச் செல்களில் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றி, நான்கு மணி நேரம் கழித்து வெளியே கசிந்ததை அளப்பது வழக்கம். ரத்தம் எடுத்த நேரம், கூரியரில் ஆன தாமதம், அன்றைய தூக்கம் என்று எல்லாமே முடிவை அசைக்கும்.

உண்மையில் தேவைப்படுபவர்கள் சிலர் உண்டு. 1989இல் அமெரிக்க மருத்துவர்கள், என்.கே. செல்லே இல்லாத ஒரு பதின்ம வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். சின்னம்மை அவளுக்குக் கடும் நோயானது. பிறகு சைட்டோமெகலோ, ஹெர்ப்பிஸ் என்று அதே குடும்பத்து வைரஸ்களாகவே வந்தன. அதுதான் துப்பு. சின்னம்மை நுரையீரலைத் தாக்கினால், ஹெர்ப்பிஸ் திரும்பத் திரும்பக் கடுமையாக வந்தால், மருக்கள் எந்த மருந்துக்கும் அடங்காமல் பரவினால், நோய் எதிர்ப்பியல் மருத்துவரிடம் போய் இதைக் கேளுங்கள். ஜலதோஷம் வருடத்துக்கு நாலு முறை வருவது அந்தப் பட்டியலில் இல்லை. குறைபாடு உறுதியானால் ஹெர்ப்பிஸ் வகை வைரஸ்களுக்கு அசைக்ளோவிர் போன்ற மருந்தை முன்கூட்டியே தொடர்ந்து கொடுப்பார்கள். சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று வரை போக வேண்டியிருக்கும். ஜிஏடிஏ2 போன்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று குடும்பத்தினரையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.